பிஜிஎம்ஐயா, திஸ் வார் ஆஃப் மைனா?

போனில் ஒரே ஒரு போர் விளையாட்டுதான், எதைப் போடுவது என்று குழம்புபவர்களுக்கு:

செலவு: பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) இலவசம், ஆனால் உடை, துப்பாக்கி ஸ்கின் (அலங்காரத் தோற்றம்) என்று பணம் கரையும். மற்றதை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் சரி.

நெட்: முன்னதற்கு நல்ல சிக்னல் வேண்டும். பின்னது தனியாக ஆடுவது, நெட் தேவையில்லை.

வன்முறை: இங்கேதான் பெரிய வித்தியாசம். பிஜிஎம்ஐயில் 100 பேர் குதிப்பார்கள், கடைசிவரை நிற்பவருக்கு வெற்றி. ரத்தம்கூடப் பச்சை நிறம்! (யாரை ஏமாற்ற?) சுட்டது யாரை என்று அடுத்த நொடி மறந்துவிடும். திஸ் வார் ஆஃப் மைன் 2014இல் போலந்தில் உருவானது. அதில் நீங்கள் சிப்பாய் இல்லை, முற்றுகையில் மாட்டிக்கொண்ட சாதாரண ஆள். 1992 முதல் 1996 வரை முற்றுகையில் தவித்த போஸ்னியத் தலைநகர் சரயேவோவின் அனுபவம்தான் அதற்கு அடிப்படை. வயதான தம்பதியின் வீட்டில் மருந்தைத் திருடினால் பிழைக்கலாம்; ஆனால் திருடியவர் மனம் ஒடிந்து முடங்கிப்போகக்கூடும். 2020இல் போலந்து அரசு இதைப் பள்ளிகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது.

நண்பர்களோடு அரட்டை, பரபரப்பு, அரை மணி நேரப் பொழுதுபோக்கு என்றால் பிஜிஎம்ஐ. போர் சாமானியரை என்ன செய்யும் என்று உணர விரும்பும் பெரியவர்களுக்கு இரண்டாவது. சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டுமே வேண்டாம்.