ஜிடிஎக்ஸ் 1060-இலிருந்து ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர்: ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிய பிறகு

2016-இல் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 (6 ஜிபி) கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பரை மாட்டி ஒரு வருடம் தாண்டிவிட்டது. கார்டு கைக்கு வந்த வாரத்திலேயே எழுதியிருந்தால் எல்லாம் அற்புதம் என்றுதான் எழுதியிருப்பேன். ஒரு வெயில் காலம் கடந்து, பல டிரைவர் அப்டேட்கள் வந்து, ஃபேன் இறக்கைகளில் தூசி படிந்த பிறகும் எப்படி இருக்கிறது என்பதுதான் வாங்க யோசிப்பவருக்கு உதவும்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் மூன்று தலைமுறை இடைவெளி. பல மடங்கு வேகம் இல்லையென்றால்தான் ஆச்சரியம். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் (படத்தை உருவாக்கும் வேலை) போட்டுவிட்டுக் குளிக்கப் போன காலமெல்லாம் முடிந்தது. நான் எதிர்பார்க்காதது அமைதி. பழைய கார்டு 120 வாட், புதியது 220 வாட். ஆனாலும் சின்ன ஹீட்சிங்க்கோடு (வெப்பத்தை இழுக்கும் உலோகப் பகுதி) கத்திக்கொண்டிருந்த பழையதைவிட, மூன்று ஃபேன் வைத்த இந்தப் பெரிய கார்டு எவ்வளவோ சாது. ஹெட்போன் இல்லாமல் விளையாட முடிகிறது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. மூன்று ஃபேன் மாடல்கள் பல 30 சென்டிமீட்டருக்கு மேல் நீளம். கேபினெட்டின் அளவுக் குறிப்பில் இருக்கும் இடம், முன்பக்க ஃபேன்களையும் ரேடியேட்டரையும் கழித்த பிறகு குறையும். பவர் சப்ளைக்கு என்விடியா சொல்வது 650 வாட். கார்டுக்கு மின்சாரம் கொடுக்கும் 16 பின் கனெக்டர் உருகும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 2022-இல் அந்தப் பேச்சு கிளம்பியது 450 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டை வைத்து. 220 வாட் கார்டில் அந்தக் கனெக்டர் தன் வரம்பில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. இருந்தாலும் பிளக்கை இடைவெளி தெரியாத அளவுக்கு முழுதாக உள்ளே தள்ளுங்கள், வாயருகிலேயே கேபிளை மடக்காதீர்கள். பழைய 8 பின் கேபிள்களை 16 பின்னாக மாற்றும் அடாப்டர் போட்டால் இரண்டு 8 பின் முனைகளுக்கும் தனித்தனி கேபிள் கொடுங்கள். அப்புறம், மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டு ‘வேகமே இல்லை’ என்பவர்களும், விண்டோஸ் 60 ஹெர்ட்ஸிலேயே (திரையை வினாடிக்கு 60 முறை மட்டும் புதுப்பிப்பது) நிற்பதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டுபவர்களும் இன்னும் இருக்கிறார்கள்.

சரி, பெரிய விஷயத்துக்கு வருகிறேன். அப்போது என்னிடம் இருந்தது ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 1080பி (1920×1080 பிக்சல்) மானிட்டர். அந்தப் பிராசஸர் இந்தக் கார்டுக்கு ஈடுகொடுக்காது என்று தெரிந்தேதான் வாங்கினேன். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. நினைத்தபடியே, சைபர்பங்க் 2077 விளையாட்டில் ஜனக்கூட்டம் உள்ள தெருவுக்குள் நுழைந்ததும் கார்டின் பயன்பாடு 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நிழல், டெக்ஸ்சர் என்று எதைக் குறைத்தாலும் பிரேம் (வினாடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) அசையாது. கூட்டத்தின் அடர்த்தியைக் குறைத்தால் மட்டும் கொஞ்சம் ஏறும், ஏனென்றால் அந்த வேலை பிராசஸருடையது. புதுக் கார்டு போட்டும் பிரயோஜனம் இல்லை என்று புலம்புகிறவர்களில் நிறையப் பேர் மாட்டிக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான். கண்டுபிடிப்பது சுலபம். ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். பிரேம் ஏறினால் தடை கார்டில் இருக்கிறது. ஏறவே இல்லையென்றால் பெரும்பாலும் பிராசஸரில்.

சில மாதங்கள் கழித்து அதே ஏஎம்4 சாக்கெட்டில் (பிராசஸர் உட்காரும் இடம்) ரைசன் 7 5700எக்ஸ்3டி பிராசஸரைப் போட்டேன். போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு அப்டேட் மட்டும் போதும், போர்டையும் ரேமையும் தொடவில்லை. அதன் 96 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி) விளையாட்டுகளில் நன்றாகவே தெரிகிறது. சராசரி பிரேமைவிட 1% லோ ஏறியதுதான் பெரிய லாபம். மிக மெதுவான ஒரு சதவீத பிரேம்களின் வேகம் அது. திரும்பும்போது திரை திக்கித் திணறுகிறதா, வழுக்கிக்கொண்டு போகிறதா என்பது அந்த எண்ணைப் பொறுத்தது. பயாஸுக்குள் போன கையோடு ரீசைசபிள் பார் வசதியையும் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுக விடுவது) இயக்கினேன். அதற்கு பழைய முறையில் கணினியைத் துவக்கும் சிஎஸ்எம்மை அணைக்க வேண்டும், விண்டோஸ் டிஸ்க் பழைய எம்பிஆர் வடிவில் இல்லாமல் புதிய ஜிபிடி வடிவில் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். எம்பிஆர் டிஸ்க்கை மாற்றாமல் சிஎஸ்எம்மை அணைத்தால் விண்டோஸ் எழுந்திருக்காது, ஜாக்கிரதை.

பி450 என்றால் கார்டைப் போர்டோடு இணைக்கும் பாதை பழைய பிசிஐஇ 3.0 தானே என்று கேட்பார்கள். முழு 16 லேனில் (தரவு ஓடும் தடம்) ஓடும் 4070 சூப்பருக்கு அதனால் வரும் இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆர்டிஎக்ஸ் 4060 போல 8 லேன் மட்டுமே உள்ள கார்டை பழைய போர்டில் போடுபவர்கள்தான் யோசிக்க வேண்டும், அதுவும் அதன் 8 ஜிபி நிரம்பி வழியும் விளையாட்டுகளில்.

கடைசியாக 1440பி மானிட்டர். 1080பி-யைவிட சுமார் 78 சதவீதம் கூடுதல் பிக்சல். கார்டு இப்போதுதான் முழுச் சம்பளத்துக்கு வேலை செய்கிறது.

இந்தக் கார்டை வாங்கிய யாருக்கும் நான் முதலில் சொல்வது அண்டர்வோல்ட்டிங், அதாவது கார்டை வழக்கத்தைவிடக் குறைந்த வோல்ட்டேஜில் ஓட்டுவது. கார்டின் அமைப்புகளை மாற்றும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திறந்து கன்ட்ரோல், எஃப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வோல்ட்டேஜ் வளைவு வரும். 950 மில்லிவோல்ட்டில் உள்ள புள்ளியை 2600 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தூக்கி வைத்து, அதற்கு வலப்பக்கம் உள்ளதையெல்லாம் மட்டமாக்கிவிட்டேன். வேகம் போனது ஓரிரு சதவீதம், மின்சாரம் 180 வாட் பக்கம் இறங்கியது, ஃபேன் சத்தம் ஏறக்குறைய மறைந்தே போனது. ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு மாதிரி, என் எண் உங்களுக்கு ஒத்துவர வேண்டும் என்பதில்லை. பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனையில் நிலையாக ஓடிய எண், ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு வரையும் முறை) உள்ள விளையாட்டில் சில மணி நேரம் கழித்து விழுவதும் உண்டு. அப்படி விழுந்தால் 15 மெகாஹெர்ட்ஸ் இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

காயில் ஒய்ன் இருக்கிறது, அதாவது கார்டின் மின்சுருள்கள் அதிர்ந்து எழுப்பும் கீச்சொலி. எல்லாப் பிராண்டிலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது இது. என் கார்டு விளையாட்டின் மெனுவில் சில்வண்டு மாதிரி கிரீச்சிடும். மெனுவில் வேலையே இல்லாததால் பிரேம் பல நூறுக்குப் பாய்ந்துவிடுகிறது, அதுதான் காரணம். டிரைவரிலேயே பிரேமுக்கு உச்சவரம்பு வைத்ததும் அடங்கிவிட்டது. கார்டின் பிரேமுக்கு ஏற்பத் தன் வேகத்தை மாற்றும் 144 ஹெர்ட்ஸ் ஜி-சிங்க் திரைக்கு 138 நல்ல எண். இன்னொரு சில்லறைத் தொல்லை: வேறு வேறு ஹெர்ட்ஸில் இரண்டு மானிட்டர் வைத்தபோது, சும்மா இருக்கும் நேரத்திலும் மெமரி கிளாக் (கார்டு மெமரியின் வேகம்) இறங்காமல் கார்டு சூடாகவே இருந்தது. இரண்டாவது மானிட்டரின் ஹெர்ட்ஸை மாற்றி வைத்ததும் இறங்கியது.

அசல் பிரேம்களுக்கு நடுவே கார்டே பிரேம்களை உருவாக்கிச் செருகும் பிரேம் ஜெனரேஷன் பற்றி இரண்டு கட்சி உண்டு. நான் நடுவில். அசல் பிரேம் 60-க்கு மேல் இருந்தால் அது காட்சியை மென்மையாக்குகிறது. 30-இல் தடுமாறும் விளையாட்டைக் காப்பாற்றும் என்று நம்பி ஆன் செய்தால், எண் 60 காட்டும், மவுஸ் மட்டும் சேற்றில் நடக்கும். ஆன்லைன் போட்டி விளையாட்டுகளில் நான் தொடுவதே இல்லை. குறைந்த ரெசல்யூஷனில் வரைந்த படத்தை ஏஐ கொண்டு பெரிதாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் அப்ஸ்கேலிங் வேறு கதை. 2025 ஜனவரியில் டிஎல்எஸ்எஸ் 4-ஓடு வந்த டிரான்ஸ்ஃபார்மர் என்ற புதிய ஏஐ மாடல் பழைய ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கும் கிடைத்தது. அதன் பிறகு 1440பி-யில் குவாலிட்டி மோட், ஓடும்போது தெரிந்த மங்கலையெல்லாம் குறைத்துவிட்டது. வாங்கிய பிறகு கார்டு மேம்பட்டது என்று இதைத்தான் சொல்வேன். புதிய ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு மட்டும் என்று வைத்தது, ஒன்றுக்கு மேற்பட்ட பிரேம்களைச் செருகும் மல்ட்டி பிரேம் ஜெனரேஷனை. அது இல்லாமல் எனக்கு எதுவும் குறைந்துவிடவில்லை.

வெப்பம் இன்னும் கட்டுக்குள்தான் இருக்கிறது. கோர் வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் (சிப்பில் மிகச் சூடான இடம்) உள்ள வித்தியாசத்தை அவ்வப்போது எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் பார்ப்பேன். 10, 15 டிகிரி என்றால் கவலையில்லை. அது மெல்ல விரிந்துகொண்டே போனால் உள்ளே தெர்மல் பேஸ்ட் (சிப்பின் வெப்பத்தை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பசை) சரியில்லை என்று அர்த்தம்.

நெருடல் ஒன்றுதான், 12 ஜிபி மெமரி. 1440பி-யில் பெரும்பாலும் போதுகிறது. சைபர்பங்க்கில் பாத் டிரேசிங் (ரே டிரேசிங்கின் மிகக் கனமான வடிவம்), பிரேம் ஜெனரேஷன், உச்ச டெக்ஸ்சர் மூன்றையும் சேர்த்துப் போட்டால் விளிம்புக்கு வந்துவிடும், ஏனென்றால் பிரேம் ஜெனரேஷனும் தன் பங்குக்கு மெமரி கேட்கும். நிரம்பினால் சராசரி வேகம் பெரிதாகக் குறையாது, நடுநடுவே வெட்டி வெட்டி நிற்கும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் தீர்ந்தது, கண்ணுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. ஆனால் இன்று புதிதாக வாங்கி ஐந்தாறு வருடம் ஓட்ட நினைப்பவருக்கு நான் 16 ஜிபி கார்டுகளைத்தான் காட்டுவேன், ரேடியான் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி உட்பட. 1060 வைத்திருப்பவர்கள் ரொம்பவும் தள்ளிப்போட வேண்டாம். 1060 சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கான கேம் ரெடி டிரைவர்களை (புது விளையாட்டுகளுக்கு ஏற்ப வருபவை) என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, 2028 அக்டோபர் வரை வருவது பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான்.