எச்சரிக்கை: கார் கதவில் கைப்பிடியை எடுத்துவிட்டுப் பொத்தான் வைத்துத் தருகிறோம் என்பவர்களிடம் 46,000 ரூபாய் இழந்தேன்

46,000 ரூபாய் போய்விட்டது. பணம் மட்டும் போயிருந்தால் மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பேன். காரின் இரண்டு கதவுகளையும் நாசம் செய்து கையில் கொடுத்திருக்கிறார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பழைய காரை ஆசை ஆசையாக மாற்றியமைப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். இந்த வேலையைக் கொடுக்குமுன் என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

என்னுடையது 1967 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வண்டலூர் ஆலையில் பிறந்த வண்டி. நான்கு கதவு மார்க் 3 வருவதற்கு முந்தைய இரண்டு கதவு வண்டி. மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்த அந்த உடலுக்கு இன்றைக்கும் சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்க்கிறார். இரட்டை வண்ணம், தாழ்த்திய சஸ்பென்ஷன், புதிய இருக்கைகள் என்று கைக்குக் காசு வந்தபோதெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்துவந்தேன். பாக்கி இருந்தது கதவுதான்.

கலிபோர்னியாவில் 1940களிலேயே இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். கைப்பிடியை எடுத்துவிட்டுக் கதவை வழுவழுவென்று ஆக்கிவிடுவார்கள். மறைவாக ஒரு பொத்தான் இருக்கும். 1941 லிங்கன் கான்டினென்டலில் கம்பெனியே கைப்பிடிக்குப் பதில் பொத்தான் வைத்தது. ஆக, இது நேற்று முளைத்த பைத்தியக்காரத்தனம் கிடையாது. ஒழுங்காகச் செய்தால் நன்றாகவே வேலை செய்யும். பொத்தானை அழுத்தினால் ரிலே என்ற மின் சுவிட்ச் வழியாகக் கதவுக்குள் இருக்கும் சோலனாய்டுக்கு, அதாவது வலுவாக இழுக்கும் மின்காந்தத்துக்கு, மின்சாரம் போகும். அது ஒரு மெல்லிய எஃகு வடத்தைச் சுண்டி இழுத்து லாட்ச்சை, அதாவது கதவைப் பிடித்திருக்கும் கொக்கியை, விடுவிக்கும். ஸ்பிரிங் வைத்த ஒரு குமிழ் கதவை வெளியே தள்ளும். அந்த ஒரு நொடியில் சோலனாய்டு இருபது, முப்பது ஆம்பியர் வரை இழுக்கும். அதனால் தடித்த வயரும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸும் கட்டாயம்.

நான் போனது பழைய கார்களுக்கு அலங்கார வேலை செய்து, அதைக் காணொளியாகப் போட்டு ஆர்டர் பிடிக்கும் ஒரு பட்டறை. பெயர் சொல்லப் போவதில்லை. வாசலில் கைப்பிடி இல்லாத ஒரு பழைய ஃபியட் நின்றது. உரிமையாளர் பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே ரிமோட்டை என் கையில் வைத்து, "நீங்களே அழுத்துங்கள் சார்" என்றார். அழுத்தினேன். டக் என்று ஒரு சத்தம், கதவு நான்கு விரல் அகலத்துக்குத் தானாகத் திறந்து நின்றது. அந்த ஒரு டக்கில்தான் அவரை நம்பினேன். அதே சோலனாய்டுதான் எனக்கும் என்றார். கைப்பிடி ஓட்டையை வெல்டிங் செய்யக் கூடாது, நாளைக்கே பழையபடி மாட்டும்படி உள்ளிருந்து தகடு வைத்து போல்ட் போட வேண்டும் என்றேன். "ஒரிஜினலில் கை வைக்க மாட்டோம் சார், எங்களுக்கும் அந்த மனசு உண்டு" என்றார். உள்பக்கக் கைப்பிடி இருந்தபடியே இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். "அது இல்லாமலா?" என்று சிரித்தார். என் கண் எதிரிலேயே குரோம் கைப்பிடிகள் இரண்டையும் கழற்றி, செய்தித்தாளில் சுற்றி, என் வண்டி எண்ணை எழுதி அலமாரியில் வைத்தார். இவ்வளவு பொறுப்பாக இருக்கும் மனிதரைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்? முன்பணம் 30,000, வண்டி எடுக்கும்போது 16,000. மொத்தம் 46,000 ரூபாய்.

வண்டி வந்தது. ரிமோட்டுக்கு இரண்டு கதவும் திறந்தன. சில வாரங்களில் பிரச்சினை தொடங்கியது. சில நேரம் இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது, சில நேரம் கதவை இடுப்பால் உள்ளே தள்ளிக்கொண்டு அழுத்த வேண்டியிருந்தது. போன் செய்தேன். "பேட்டரி வீக்காக இருக்கும் சார்." புதிய பேட்டரி போட்டேன். "டோர் பீடிங், அந்த ரப்பர் பட்டை, புதிது சார், அமுங்கினால் சரியாகிவிடும்." காத்திருந்தேன்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு நெரிசலில் ஊர்ந்து போயிருக்கிறோம். என் வண்டியில் இன்னும் டைனமோதான், இன்ஜின் மெதுவாக ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. அம்மாவை வண்டியிலேயே உட்காரவைத்துவிட்டுப் பூ வாங்கப் போனேன். திரும்பி வந்து ரிமோட்டை அழுத்தினால் கதவுக்குள் ஏதோ முனகுகிறது, திறக்கவில்லை. அந்தப் பக்கமும் அதே கதை. உள் கைப்பிடியை இழுக்கச் சொன்னேன். இழுத்தார், அது தொளதொளவென்று ஆடியது. கண்ணாடியை இறக்கினார், ஆனால் எழுபது வயதைத் தாண்டியவர் ஜன்னல் வழியாக எப்படி ஏறி வருவார்? முகமெல்லாம் வியர்த்து, "ஒன்றும் இல்லப்பா, பதறாதே" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார். ஹெரால்டின் பானட் (இன்ஜின் மூடி) கொக்கிகள் வெளியிலேயே, இரண்டு பக்கமும் இருக்கும். அதுதான் காப்பாற்றியது. கொக்கிகளை விடுவித்து முழு பானட்டையும் முன்னால் சாய்த்து, ஒரு டாக்சி ஓட்டுநரின் ஜம்பர் கேபிளைப் பேட்டரியில் மாட்டிய பிறகுதான் கதவு திறந்தது. அந்த ஓட்டுநர் நன்றாக இருக்க வேண்டும்.

மறுநாள் தெரிந்த எலக்ட்ரீஷியனை வரவழைத்து டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடியை, கழற்றினோம். சோலனாய்டு கிடையாது! சாதாரண சென்ட்ரல் லாக் மோட்டார். கடையில் ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்கு நான்கு கதவுக்கான செட்டே கிடைக்கிறதே, அதுதான். பூட்டின் சிறு நெம்புகோலை ஏற்றி இறக்கச் செய்த பொருள் அது. புதிய பீடிங் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் ஐம்பது வருட லாட்ச்சை இழுக்க அதற்கு ஏது வலு? உள் கைப்பிடியின் இணைப்புக் கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே இடத்தில் மோட்டாரை மாட்டியிருந்தார்கள். பார்வைக்கு உள் கைப்பிடி இருக்கும், கதவுக்குள்ளே எதனோடும் அதற்குத் தொடர்பு இருக்காது. தெரிந்தே செய்த வேலை இது. கீல் பக்கம் வயர் போகும் ஓட்டைக்கு ஒரு ரப்பர் வளையம்கூடப் போடவில்லை. தகடு அறுத்துச் செம்பு பளபளவென்று தெரிந்தது. ஃபியூஸ் எங்கே என்று எலக்ட்ரீஷியன் தேடினார், தேடினார், இல்லவே இல்லை. பேட்டரியிலிருந்து நேராக இழுத்திருக்கிறார்கள். கைப்பிடி ஓட்டைகளை முழுக்க வெல்டிங் செய்து, சூட்டில் நெளிந்த தகட்டின்மேல் பட்டிப் பசையை அப்பிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

இதற்குப் பட்டறையின் பதில் என்ன தெரியுமா? முதலில், "மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கிறார்." பிறகு, "ஒரிஜினல் பார்ட்ஸ் கப்பலில் வருகிறது." நேரில் போனால், "பழைய வண்டி என்றால் இப்படித்தான் சார், உங்களுக்குத் தெரியாததா?" என் கைப்பிடிகளைக் கொடுங்கள் என்றேன். அலமாரியைத் திறந்து காட்டினார், காலி. "பையன் பழைய இரும்போடு போட்டிருப்பான்." ஹெரால்டு கைப்பிடி இன்று எங்கே கிடைக்கும்? கடைசியாகச் சொன்னதுதான் உச்சம். "புகார் கொடுத்தால், வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவில் ஆர்டிஓ உங்கள் வண்டியைத்தான் பிடிப்பார்." வாங்கும்போது இந்தப் பிரிவு நினைவில் இல்லையா? இப்போது என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். காணொளிக்குக் கீழே நான் எழுதியதை அழித்துவிட்டார்கள். கையில் இருப்பது முத்திரைகூட இல்லாத ஒரு துண்டுச் சீட்டும், பணம் அனுப்பிய பதிவும். 46,000 ரூபாய்!

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். நிச்சயம் போவேன்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை, எலக்ட்ரீஷியன் வாசலில் நிற்கிறார். சுருக்கமாக: டோர் பேடை மூடுமுன் உள்ளே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள் கைப்பிடி மின்சாரம் இல்லாமல் திறக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு நீங்களே இழுத்துப் பாருங்கள். வெளியிலிருந்து இழுத்துத் திறக்க, காருக்கு அடியில் மறைவாக ஒரு வடம் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். கழற்றிய பாகம் எதையும் பட்டறையில் விடாதீர்கள், அன்றே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஜிஎஸ்டி எண்ணோடு பில் இல்லையென்றால் முன்பணமே கொடுக்காதீர்கள்.

கதவின் உட்புறப் படங்களைக் கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். இரண்டு கதவு ஹெரால்டின் வெளிக் கைப்பிடி ஒரு ஜோடி, குரோம் போயிருந்தாலும் பரவாயில்லை, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.