சிறுநீரில் கோபால்ட்: எந்தக் கருவி, எந்தக் கணக்கு?

ஊக்கமருந்து என்றதும் ஸ்டீராய்டு ஊசிதான் நினைவுக்கு வரும். ஆனால் உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையான வாடாவின் தடைப் பட்டியலில் ஓர் உலோகமும் இருக்கிறது. அது கோபால்ட். 2015 முதல் பெயர் சொல்லியே தடை. கோபால்ட் உப்பு உள்ளே போனால், ஆக்சிஜன் போதவில்லை என்று உடம்பு ஏமாந்துவிடும். ஹிஃப் என்ற புரதம் சிதையாமல் நின்று, சிறுநீரகத்தை ஈபிஓ ஹார்மோன் சுரக்கத் தூண்டும், சிவப்பணு பெருகும். ஒரு காலத்தில் ரத்தசோகைக்கு இதை மருந்தாகவே கொடுத்தார்கள். தைராய்டு வீக்கம், காது மந்தம் என்று வந்ததால் கைவிட்டார்கள். 1960-களின் நடுவில் கியூபெக்கில் பீர் நுரை நிற்பதற்காகக் கோபால்ட் சேர்த்தார்கள். மொடாக்குடியர் பலருக்கு இதயத்தசை பழுதானது, சிலர் இறந்தும் போனார்கள். அது தனிக் கதை.

சரி, இதை எப்படிப் பிடிப்பது? சாதாரண ஆளின் சிறுநீரில் லிட்டருக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராமுக்குள்தான் கோபால்ட் இருக்கும். ஒரு கிராம் கோபால்ட்டை 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் எண்பத்து மூன்றில் கரைத்துவிட்டால் கிடைக்கும் செறிவு அது. அங்கே நின்றுகொண்டு 'இவருக்குக் கூடுதல், அவருக்கு இயல்பு' என்று சொல்ல வேண்டும்.

இந்த வேலைக்கு ஐசிபி-ஓஇஎஸ் கருவியை, அதாவது கொதிக்கும் வாயுப் பிழம்பான பிளாஸ்மாவில் உலோகம் வீசும் ஒளியை அளக்கும் கருவியை, நினைக்கவே வேண்டாம். தண்ணீர், உரம், மண் எல்லாவற்றுக்கும் அது நல்ல உழைப்பாளி. ஆனால் சுத்தமான தண்ணீரிலேயே அதன் பார்வை லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் பக்கம் வந்ததும் மங்கிவிடும். உப்பும் யூரியாவும் நிறைந்த சிறுநீரில் இன்னும் மோசம். குதிரைப் பந்தயத்தில் வரம்பு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்பதால் அங்கே முதல் சல்லடையாக ஓரளவு ஓட்டலாம். மனிதர்களுக்கு ஆகாது.

கிராஃபைட் ஃபர்னஸ் வைத்த அணு உறிஞ்சல் கருவி, அதாவது ஜிஎஃப்ஏஏஎஸ், வேறு ரகம். நான் சில வருடம் இதில்தான் கைவேலை கற்றேன், அதனால் கொஞ்சம் பாசம் உண்டு. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத கிராஃபைட் குழாய்க்குள் 20 மைக்ரோலிட்டர் சிறுநீர், ஒரே ஒரு துளி. கூடவே மெக்னீசியம் நைட்ரேட். முதலில் 110 டிகிரியில் காய வைக்க வேண்டும். அவசரப்பட்டால் துளி கொதித்துத் தெறிக்கும், அன்றைய கணக்கு போச்சு. அப்புறம் ஆயிரம் டிகிரிக்கு மேல் ஏற்றிச் சாம்பலாக்க வேண்டும். உப்பு புகையாய்ப் போகும், கோபால்ட் தங்கிவிடும். கடைசியில் சுமார் 2,400 டிகிரி. குழாய் வெள்ளையாய் ஒளிர்ந்து அணையும் அந்த இரண்டு மூன்று விநாடிக்குள் 240.7 நானோமீட்டர் ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மாதிரிக்கு இரண்டு மூன்று நிமிடம், அதையும் இரண்டு தடவை சுட வேண்டும். குழாய் சில நூறு தடவை சுட்டதும் தேய்ந்து, அளவு மெல்ல இறங்க ஆரம்பிக்கும். அது குழாயின் கோளாறா மாதிரியின் கோளாறா என்று மண்டையைப் பிய்த்துக்கொண்ட சாயங்காலங்கள் எனக்கு நிறைய.

ஃபர்னஸின் பலம், விலை குறைவு, மாதிரி கொஞ்சம் போதும். பலவீனம், ஒரு விளக்குக்கு ஓர் உலோகம். இயல்பான அளவு கருவியின் எல்லையை ஒட்டியே இருப்பதால், கீழ் முனையில் எண்கள் ஆடும்.

ஐசிபி-எம்எஸ் வந்தபின் ஆட்டம் மாறிவிட்டது. ஆர்கான் பிளாஸ்மாவில் எல்லாவற்றையும் அணுவாக உடைத்து, அயனியாக்கி, நிறையைப் பார்த்து எண்ணும் கருவி இது. லிட்டருக்கு நானோகிராம் வரை இறங்கும். சிறுநீரை ஒன்றுக்குப் பத்தோ இருபதோ நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கலந்து அப்படியே ஊற்றலாம். மைக்ரோவேவில் செரிக்க வைக்கும் முறையும் உண்டு. கோபால்ட்டுக்கு அது வீண் சிரமம் என்பது என் கட்சி. கூடுதலாக ஒரு பாத்திரம் நுழைந்தால் கூடுதலாக ஒரு கறை நுழையும்.

இதற்கும் சண்டித்தனம் உண்டு. கோபால்ட்டுக்கு இயற்கையில் ஒரே ஐசோடோப்தான், நிறை 59. சிறுநீரிலுள்ள கால்சியம் ஆக்சிஜனோடும், சோடியம் ஆர்கானோடும், மெக்னீசியம் குளோரினோடும் கூட்டுச் சேர்ந்து அதே 59-இல் வந்து நிற்கும். வேறு ஐசோடோப்பைப் பார்த்துத் தப்பிக்க வழியில்லை. ஹீலியம் நிரப்பிய மோதல் அறை வழியாக அனுப்பினால், பருமனான கூட்டு அயனிகள் அதிகம் மோதி வேகம் இழந்து வடிகட்டப்படும். இந்த அறை இல்லாத பழைய கருவியில் எடுத்த கோபால்ட் எண்ணை நான் நம்ப மாட்டேன். செலவு? நிமிடத்துக்கு 15 லிட்டருக்கு மேல் ஆர்கான் குடிக்கும். ஏழு கன மீட்டர் சிலிண்டர் ஒரு வேலைநாள்கூடத் தாங்காது.

ஸ்ட்ரிப்பிங் வோல்டாமெட்ரி என்ற மின்வேதி முறையையும் சிலர் சொல்வார்கள். மலிவு, நுட்பத்தில் மற்றவற்றுக்குச் சளைத்ததல்ல. ஆனால் சிறுநீரின் கரிமப் பொருள்களைப் புற ஊதா ஒளியில் முழுசாக அழித்தால்தான் மின்முனை ஒழுங்காகப் பேசும். நாள் ஒன்றுக்கு நூறு பாட்டில் வரும் இடத்துக்கு ஒத்துவராது.

ஆக, கருவிப் போட்டியில் ஐசிபி-எம்எஸ் ஜெயிக்கிறது. ஆனால் உண்மையான வழக்கு இதற்கப்புறம்தான் ஆரம்பம்.

வைட்டமின் பி12-இன் நடுவில் உட்கார்ந்திருப்பதும் கோபால்ட்தான். எடையில் நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல். பி12-க்குத் தடை கிடையாது. நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் 1,500 மைக்ரோகிராம் மெத்தில்கோபாலமின் ஊசியைப் போட்டுக்கொண்டால் சுமார் 65 மைக்ரோகிராம் கோபால்ட் உள்ளே போகிறது. ஊசியாகப் போனதில் பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரில் வந்துவிடும். பிளாஸ்மாவோ எல்லாவற்றையும் அணுவாக உடைத்துவிட்டது. இது உப்பிலிருந்து வந்ததா ஊசியிலிருந்து வந்ததா என்று கேட்டால் கருவிக்குத் தெரியாது. கருவி எவ்வளவு நுட்பமானதோ, அவ்வளவு துல்லியமாகத் தவறான கேள்விக்குப் பதில் சொல்லும்.

குதிரைப் பந்தயக்காரர்கள் இதை ஓர் எண்ணால் தாண்டினார்கள். ஆஸ்திரேலியாவில் முதலில் லிட்டருக்கு 200 மைக்ரோகிராம், பிறகு 100. வைட்டமின் ஊசியால் வரக்கூடியதற்கு இடம் விட்டு, அதற்கு மேல் போனால் குற்றம். 2014-இல் மெல்போர்னில் ஓடிய லிடாரி என்ற குதிரையின் சிறுநீரில் 380 வந்தது. குளம்புக்குக் கொடுத்த சத்துத்தூள்தான் காரணம் என்று பயிற்சியாளர் தரப்பு வாதாடியது. அவருக்குத் தண்டனை கிடைத்தது, ஆனால் தெரிந்தே கொடுத்தார் என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை.

மனிதர்களுக்கான வாடா பட்டியலில் கோபால்ட் பக்கத்தில் எண் எதுவும் இல்லை. அதனால் வகை பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, ஐசிபி-எம்எஸ்ஸின் வாசலில் திரவ நிறப்பகுப்பு நிரலை, அதாவது கலவையைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளியே விடும் குழாயை, வைப்பது. பி12 ஒரு நேரத்தில் வரும், உப்புக் கோபால்ட் வேறு நேரத்தில் வரும். ஜெர்மனியின் கொலோன் ஊக்கமருந்து ஆய்வகத்தார் இந்தப் பாதையில் வேலை செய்திருக்கிறார்கள். அழகான முறை. ஆனால் நிரலுக்குத் தேவைப்படும் மெத்தனால் பிளாஸ்மாவை அலைக்கழிக்கும், அயனிகள் உள்ளே நுழையும் கூம்புகளில் கரி படியும், ஆக்சிஜன் கலந்து சமாளிக்க வேண்டும்.

இன்னொன்று, மொத்தக் கோபால்ட்டை ஐசிபி-எம்எஸ்ஸில் தனியாக, பி12 மூலக்கூறை, அணுவாக உடைக்காமல் முழு மூலக்கூறாகவே நிறை பார்க்கும் எல்சி-எம்எஸ்ஸில் தனியாக அளந்து கழித்துவிடுவது. ஊக்கமருந்து ஆய்வகம் எதிலும் எல்சி-எம்எஸ் ஏற்கெனவே இருக்கும் என்பதால் இது நடைமுறைக்கு எளிது. சிக்கல், மெத்தில்கோபாலமின் வெளிச்சம் பட்டால் உருமாறிவிடும். பாட்டில் ஜன்னலோரம் அரைமணி நேரம் கிடந்தால், கழிக்க வேண்டிய எண் சுருங்கி, அப்பாவியின் கணக்கில் 'உப்பு' ஏறிவிடும். இரண்டு அளவீட்டின் பிழையும் சேர்ந்து வேறு வரும். முதல் சுற்றுக்குக் கழித்தல் போதும் என்பேன். ஒருவரின் விளையாட்டு வாழ்க்கை தொங்கும் உறுதிப்படுத்தலுக்கு நிரல் வைத்த கருவிதான்.

அடுத்து நீர்ப்பு. தண்ணீர் நிறையக் குடித்தவரின் எண் குறைந்து தெரியும். தொழிற்சாலைச் சுகாதாரத்தில், தசையிலிருந்து வரும் கழிவான கிரியாட்டினினால் வகுப்பார்கள். விளையாட்டில் அது கை கொடுக்காது, தசை அதிகமுள்ளவருக்கும் கிரியாட்டின் பொடி சாப்பிடுகிறவருக்கும் அந்த வகுஎண் தானே பெருகிவிடும். ஒப்படர்த்தியை, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தியை, 1.020-க்குச் சரிக்கட்டுவதே மேல்.

இத்தனைக்கும் பிறகு, உலோக மூட்டு வைத்துக்கொண்ட மூத்தோர் ஓட்டக்காரர் ஒருவர் வந்து நிற்கலாம். அவர் இடுப்பில் உலோகமும் உலோகமும் உரசிக் கரையும் கோபால்ட், பி12 அல்ல, அயனியாகத்தான் சிறுநீருக்கு வரும். நிரலில் அது உப்பின் இடத்திலேயே எழும். அங்கே எந்தக் கருவியும் உதவாது. மருத்துவக் கோப்பைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.