பெட்டியில் இல்லாத மாத்திரை: கப்பலில் மூன்று வருட டெலிமெடிசின்

போன வாரம் சிங்கப்பூரில் பங்கர் (கப்பலுக்கான எரிபொருள்) எடுக்க நின்றபோது ஈசிஜி கேபிளை மாற்றிக் கொடுத்தார்கள். பழையது செத்து நாலு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே, முன்பு என்னிடம் கேடட்டாக (பயிற்சி அதிகாரியாக) இருந்த தம்பி ஒருவன் வாட்ஸப்பில் கேட்டான்: "அண்ணே, எங்க கம்பெனியிலயும் டாக்டர் டேப்லட் போடப் போறாங்களாம். எப்படி இருக்கு?" அவனுக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுவிட்டது. சரி, எல்லாருக்குமாகவே இருக்கட்டும்.

இந்த டெலிமெடிசின் செட்டில் என்னென்ன இருக்கும் என்று கப்பல்காரர்களுக்குத் தெரியும். டேப்லட் கம்ப்யூட்டர், 12 லீட் ஈசிஜி, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், பிரஷர் பார்க்கும் மிஷின், கேமரா. கம்பெனி சந்தா கட்டுகிறது, ராத்திரி பகல் எந்நேரமும் கரையில் ஒரு டாக்டர் உட்கார்ந்திருப்பார். பிராண்ட் பெயர் வேண்டாம். நான் பார்த்தது மூன்று வருடம், நாலு கான்ட்ராக்ட், இரண்டு பல்க் கேரியர் (தானியம், நிலக்கரி மாதிரி சரக்கை மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றும் கப்பல்).

கப்பலில் 100 பேருக்குக் குறைவு என்றால் டாக்டர் கட்டாயமில்லை. நாங்கள் 22 பேர். அதனால் மருந்து அலமாரிச் சாவி செகண்ட் மேட்டான (கேப்டன், சீஃப் மேட்டுக்கு அடுத்த அதிகாரி) என்னிடம். கோர்ஸில் ஆரஞ்சுப் பழத்துக்கு ஊசி போட்டுப் பழகிய கை இது. மற்றவர்கள் அதை நம்பித்தான் படுத்துத் தூங்குகிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடுவேன்.

பிரேசிலின் சான்டோஸில் சோயா ஏற்றிக்கொண்டு சீனா போகிற வழி. நன்னம்பிக்கை முனை தாண்டி இந்தியப் பெருங்கடலுக்குள் வந்து சில நாள் ஆகியிருந்தது. ராத்திரி ஒன்றரை மணி, நான் பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் அறையில், வாட்ச் டியூட்டியில் இருக்கிறேன். ஃபிட்டருக்கு நெஞ்சு வலி என்று போன். வயது 51, பீகார்க்காரர், வியர்த்துக் கொட்டுகிறது. சீஃப் மேட் வாட்சை வாங்கிக்கொள்ள, நான் கீழே ஓடினேன். மார்பில் ரோமம் அடர்த்தி, ஈசிஜி ஸ்டிக்கர் ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஷேவிங் ரேசரை எடுத்து ஆறு இடத்தில் சின்னச் சின்ன வட்டமாகச் சிரைத்து, துடைத்து, ஒட்டினேன். ஒருவழியாக எடுத்து அனுப்பினால் போகவில்லை. கப்பல் போய்க்கொண்டிருந்த திசையில் புகைபோக்கி சாட்டிலைட் ஆண்டெனாவை மறைத்துக்கொண்டிருந்தது. கேப்டன் ஒரு வார்த்தை பேசவில்லை, கப்பலை 20 டிகிரி திருப்பினார். சிக்னல் வந்தது.

பதினோரு நிமிடத்தில் டாக்டர் லைனில். அரை மணி கழித்து இன்னொரு ஈசிஜி, பிறகு இன்னொன்று என்று மூன்று எடுக்கச் சொன்னார். கடைசியில், "இப்போதைக்கு ஹார்ட் மாதிரி தெரியவில்லை, வயிறாக இருக்கலாம், ஆனால் காலையிலும் எடுத்து அனுப்புங்கள்" என்றார். பிறகு போனை ஃபிட்டரிடம் கொடுக்கச் சொல்லி இந்தியில் பேசினார். சத்தியமாக இதை நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர், தன் மொழியில் ஒரு டாக்டர் "சாப்பிட்டீங்களா, என்ன சாப்பிட்டீங்க" என்று கேட்டதும் கையை விட்டார். மொரீஷியஸின் போர்ட் லூயிக்குத் திருப்ப கேப்டன் போட்டு வைத்திருந்த கணக்கு மேஜையிலேயே கிடந்தது. பிறகு துறைமுகத்தில் முழுசாகப் பரிசோதித்தார்கள், வயிற்றுப் புண்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு அவர் எழுதிக் கொடுத்த மாத்திரை பான்டோப்ரசோல். எங்கள் அலமாரியில் இருப்பது ஒமெப்ரசோல். இரண்டும் ஒரே வேலையைச் செய்பவைதான். ஆனால் நானாக மாற்றிக் கொடுக்கக் கூடாது, கேட்டு எழுதி உத்தரவு வாங்க வேண்டும். வாங்கினேன், நாற்பது நிமிடம்.

ஒரு தடவை என்றால் யாரும் புலம்ப மாட்டார்கள். மூன்று வருடமாக இதே கதை. மாதக் கடைசியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாக எண்ணி, காலாவதி தேதி பார்த்து, அதே டேப்லட்டில் நான்தான் ஏற்றுகிறேன். கப்பலில் எந்த மருந்து எத்தனை இருக்கிறது என்று அவர்களிடம் முழுப் பட்டியல் இருக்கிறது. டாக்டர் எழுதுவதோ எப்போதும் பட்டியலில் இல்லாததை. சப்போர்ட்டில் கேட்டேன். "பட்டியல் வேறு பக்கத்தில் இருக்கிறது, டாக்டர் விரும்பினால் திறந்து பார்க்கலாம்" என்று பதில். விரும்பினால்!

போசனுக்கு (டெக் ஆட்களின் தலைவர்) வயர் ரோப் சிலும்பு குத்தி, விரல் வீங்கி, சிவப்பு முழங்கை வரை ஏறியது. டாக்டர் செஃபலெக்சின் என்றார். இல்லை என்று எழுதினேன். அதற்குள் ஷிப்ட் மாறி வேறு டாக்டர், மறுபடி முதலிலிருந்து: வயது என்ன, அலர்ஜி உண்டா, சுகர் உண்டா. கடைசியில் வந்த மருந்து அமாக்சிசிலின்-கிளாவுலனேட், முதல் நிமிடத்திலிருந்தே என் அலமாரியில் இருந்தது. இரண்டு மணி நாற்பது நிமிடம். நியாயமாகச் சொன்னால், அந்த இரண்டாவது டாக்டர் சொன்ன ஒரு யோசனை அருமை. சிவப்பு முடிகிற இடத்தில் பால்பாயின்ட் பேனாவால் கோடு போடு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை போட்டோ எடு என்றார். மறுநாள் காலை சிவப்பு கோட்டுக்குள் இறங்கியிருந்தது. போசன் அந்தக் கோட்டை ஒரு வாரம் கழுவாமல் எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

சாப்பாடு பரிமாறும் மெஸ்மேனுக்குப் பல்வலி வந்தபோதும் ஏதோ ஊர்பேர் தெரியாத ஜெல் எழுதினார்கள். நான் அலமாரியிலிருந்து கிராம்பு எண்ணெயை எடுத்துக் காட்டி அனுமதி கேட்டேன். சிரிக்காதீர்கள், உலக சுகாதார நிறுவனம் 2007இல் போட்ட கப்பல் மருத்துவக் கையேட்டின் மருந்துப் பட்டியலில் கிராம்பு எண்ணெய் இருக்கிறது. எங்கள் ஆச்சி அந்தக் கையேட்டைப் படித்ததில்லை.

எரிச்சலுக்கு இன்னொரு காரணம், இந்த ஆலோசனை இலவசமாகவே கிடைக்கும் என்பது. ரோமில் 1935இல் ஆரம்பித்த சிஐஆர்எம் (கப்பல்களுக்கு ரேடியோ வழியாக மருத்துவ ஆலோசனை சொல்லும் மையம்), மார்க்கோனி அதன் முதல் தலைவர், எந்த நாட்டுக் கப்பலுக்கும் காசு வாங்காமல் பார்க்கிறது. இன்மார்சாட் சாட்டிலைட் போனில் மருத்துவ ஆலோசனைக்கு 32, நோயாளியைக் கப்பலிலிருந்து இறக்கும் அளவுக்குப் போனால் 38 என்று குறுக்கு எண்களே இருக்கின்றன. கடலில் இருப்பவனுக்கு ரேடியோவிலோ சாட்டிலைட்டிலோ மருத்துவ ஆலோசனை இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. பழைய கப்பலில் அப்படி ஓர் இலவச சேவையோடு பேசியிருக்கிறேன். ஈசிஜி கிடையாது, வீடியோ கிடையாது, இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் மட்டும். அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "உன்னிடம் என்ன மருந்து இருக்கிறது?"

அதனால் தம்பி, என் மார்க் ஐந்துக்கு இரண்டு. ஃபிட்டரைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு இரண்டுதானா என்று கேட்பாய். ஆமாம், இரண்டுதான். நேற்றுகூட சீஃப் குக்குக்கு வயிற்றுப்போக்கு, எழுதி வந்தது பெட்டியில் இல்லை.

எப்படியும் உங்கள் கப்பலுக்கு வரத்தான் போகிறது, உன்னை யாரும் கேட்கப் போவதில்லை. வந்ததும் ஈசிஜி கேபிள் இரண்டாவது ஒன்று எழுதி வாங்கு. ஸ்டிக்கர் பாக்கெட்டில் தேதி பார், காய்ந்துவிட்டால் ஒட்டாது. மருந்துப் பட்டியலை அச்செடுத்து போட்டோ பிடித்து வைத்துக்கொள், ஒவ்வொரு கேஸிலும் முதல் படமாக அதை அனுப்பு. நான் இதைக் கண்டுபிடிக்கவே இரண்டு வருடம் ஆனது. அப்படி அனுப்பினால் பத்துக்கு ஆறு தடவை பார்க்கிறார்கள்.