தோட்டத்துத் தார்த் தடம் பெயர்ந்துவிட்டால்: ஒட்டா, மறுதாரா, கான்கிரீட்டா, கல் ரோடா?

உடுமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. ஊர் ரோட்டிலிருந்து வாசல்வரை சுமார் 300 அடி நீளம், 10 அடி அகலத்தில் ஒரு தடம். அதில் போட்டிருந்த தார் முழுக்கப் பெயர்ந்துபோனதும் நான்கு வழிகளை விசாரித்தோம். குழிகளை மட்டும் ஒட்டலாம், மேலே இன்னொரு அடுக்குத் தார் போடலாம், கான்கிரீட் போடலாம், அல்லது தாரையே பெயர்த்து, ஜல்லி பரப்பி இறுக்கிய கல் ரோடாக்கலாம். கடைசி வழியில்தான் போனோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும்.

குழிகள் அங்கங்கே இருந்து, மற்ற இடம் கெட்டியாக இருந்தால் ஒட்டே போதும். குழியின் ஓரங்களைச் சதுரமாக வெட்டி, உறுதியான அடி வரும்வரை தோண்டி, தூசி தட்டி, எமல்ஷன் (ஒட்டுவதற்கான தண்ணீர் கலந்த தார்) பூசி, தார்க் கலவையைப் போட்டு நன்றாக இடிக்க வேண்டும். சூடாக்கத் தேவையில்லாத கோல்ட் மிக்ஸ் மூட்டையிலேயே கிடைக்கிறது. ஆனால் 50 கிலோ மூட்டை ஒன்று, இரண்டு இஞ்ச் ஆழத்துக்கு ஐந்து சதுர அடிதான் நிரப்பும். நாலைந்து குழிக்குச் சரி, தடம் முழுக்க என்றால் கட்டாது.

தார் முதலைத்தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருந்தால் கதை வேறு. அங்கே கெட்டிருப்பது மேல்தார் அல்ல, அடித்தளம். எங்களுடையது கரிசல். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதன் மேல் ஒட்டினாலும் சரி, புது அடுக்கு போட்டாலும் சரி, அடியில் இருக்கும் விரிசல் சீக்கிரமே மேலே வந்துவிடும்.

மறுதாருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் தடத்துக்கு 30 மில்லிமீட்டர் கனத்தில் போட்டால் ஏறக்குறைய 19 டன் கலவை. அது பிளான்ட்டிலிருந்து சூடாக வந்து, ஆறுவதற்குள் ரோலர் ஓடி முடிய வேண்டும். இவ்வளவு சின்ன வேலைக்குக் கான்ட்ராக்டர் தனியாக வரமாட்டார், பக்கத்தில் ஏதாவது ரோடு வேலை நடக்கும்போதுதான் வருவார். சரி, ஒருமுறை காத்திருந்து போட்டுவிடலாம். இரண்டு வருடம் கழித்து ஓரம் உடையும்போது ஒரு டன் கலவைக்கு யார் வருவார்கள்?

கான்கிரீட்டை எளிதில் ஒதுக்க மாட்டேன். நல்ல செம்மண் அடித்தளம் உள்ளவர்கள் அதைப் போட்டால் நான் மறுத்துப் பேச மாட்டேன். எங்கள் கணக்கில் ஆறு இஞ்ச் கனத்துக்கு 42 கன மீட்டர் வந்தது. அதாவது ஆறு கன மீட்டர் கொள்ளும் மிக்ஸர் லாரி ஏழு நடை. அந்த லாரிகளைத் தாங்கும் தடம் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது! அப்புறம் இரண்டு வாரமாவது தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டும், முழு பலம் வர 28 நாள். அதுவரை தேங்காய் லோடு ஏற்றிய லாரியை உள்ளே விட முடியாது.

பேவர் பிளாக்கைப் பற்றி அதிகம் பேச எதுவுமில்லை. வீட்டு முற்றத்துக்கு அழகு, டிராக்டர் திரும்பும் இடத்தில் கல் நகர்ந்துவிடும்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது பராமரிப்புதான். தோட்டத்துத் தடம் ஒருமுறை போட்டு மறந்துவிடும் விஷயமல்ல. இந்த வருடம் சொட்டுநீர் மெயின் லைனைக் குறுக்கே கொண்டுபோக வேண்டும், அடுத்த வருடம் புது போர்வெல்லிலிருந்து கேபிள் வரும். தாரையோ கான்கிரீட்டையோ வெட்டி மூடினால் தண்ணீர் இறங்குவது அந்த மூட்டில்தான், உடைவதும் அங்கிருந்துதான். கல் ரோட்டில் தோண்டிப் பைப்பை இறக்கி, அதே கல்லைப் போட்டு, தண்ணீர் தெளித்து இடித்துவிட்டால் தீர்ந்தது. மழை முடிந்ததும் சொந்த டிராக்டரில் பிளேடு மாட்டி ஒரு இழுப்பு இழுத்தால் பள்ளங்கள் சரியாகிவிடும். யாருக்கும் போன் செய்து காத்திருக்க வேண்டாம்.

செய்த விதம் இதுதான். பழைய தார் முக்கால் இஞ்ச் கனம்கூட இல்லாததால் ஜேசிபி பல்லிலேயே பெயர்ந்துவிட்டது. அதை அள்ளி வீசவில்லை. உடைத்துப் பரப்பியே விட்டோம், வெயிலிலும் டயர் கனத்திலும் பழைய தார் ஓரளவு மறுபடி ஒட்டிக்கொள்கிறது. அதன் மேல் கிரஷரிலிருந்து வெட் மிக்ஸ் (ஜல்லியும் கல்தூளும் தண்ணீர் சேர்த்துக் கலந்தது), தளர்வாக ஆறு இஞ்ச். அதற்கு 15 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) பிடித்தது, ரோலர் ஓடியபின் ஐந்து இஞ்சுக்குள் அடங்கிவிட்டது. முக்கியமானது நடுமுதுகு. ஓரத்தைவிட நடு இரண்டு, இரண்டரை இஞ்ச் உயர்ந்திருக்க வேண்டும், தார் ரோட்டுக்கு இவ்வளவு தேவையில்லை. இரண்டு பக்கமும் வாய்க்கால் இழுத்து, தண்ணீர் வெளியேற வழி விடாவிட்டால் எந்த ரோடும் நிற்காது.

குறைகளும் உண்டு. கோடையில் புழுதி வீட்டுக்குள் வரும். உதிரிக் கல்லில் ஸ்கூட்டர் வழுக்கும், வயதானவர்கள் ஓட்டும் வீடு என்றால் யோசியுங்கள். சரிவில் மழைநீர் கல்லை அரித்துக்கொண்டு போகும், அதனால் கேட்டருகே ஏற்றமான இடத்தில் மட்டும் கான்கிரீட் போட்டிருக்கிறோம். நாங்கள் போட்டு நிறைய காலம் ஆகிவிடவில்லை, ஐப்பசி மழையைத் தாங்கியது என்ற அளவுக்குத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

போடுவதென்றால் தை, மாசியில் போடுங்கள். ரோலர் வருவதற்கு முன் தடத்தின் குறுக்கே இரண்டு இடத்திலாவது நாலு இஞ்ச் பிவிசி பைப்பைச் சும்மா புதைத்து, இரு முனைகளையும் மூடி வையுங்கள். நாளைக்கு வரும் லைனுக்கோ கேபிளுக்கோ தோண்டும் வேலைகூட மிச்சம்.