இங்கிலிஷ் வகுப்புக்கு 350,000 ரூபாய்: ருமேனியா வேலை என்று நான் ஏமாந்த விதம்

மட்டக்களப்பு, செங்கலடி, ஏறாவூர்ப் பக்கம் வெளிநாட்டு வேலைக்குக் காசு கட்ட யோசிக்கிறவர்கள், கட்டுவதற்கு முன் இதை ஒருக்கா வாசியுங்கள். ஏற்கனவே கட்டிவிட்டவர்கள் உங்கள் பில்லை எடுத்து, காசு எதற்காக என்று அதில் எழுதியிருக்கிறது எனப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

நான் ஒரு கார்மென்ட்ஸில் 5 வருடம் வேலை செய்தவள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கையை விரித்த நேரத்தில்கூட எங்கள் லைன் நிற்கவில்லை. டீசல் இல்லாமல் பஸ் ஓடாத நாட்களில் சைக்கிளில் போய் வந்தோம். எங்களுக்கு அடி விழுந்தது அடுத்த வருடம்தான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சாமான் விலை ஏறி, அங்குள்ள சனம் உடுப்பு வாங்குவதைக் குறைத்ததும் இங்கே ஓடர் குறைந்தது. முதலில் ஓ.ரி. (மேலதிக நேர வேலை) போனது, பிறகு வரவுக் கொடுப்பனவு, கடைசியில் நாங்கள். எங்கோ ஒரு கடையில் யாரோ ஒரு சட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்ததற்கு செங்கலடியில் என் அம்மா சுண்டு கணக்கில் அரிசி அளந்தார்.

2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். எங்கள் ஒழுங்கையில் மட்டும் 4 வீட்டில் ஆள் இல்லை. ஆகவே, ருமேனியாவில் தையல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒருத்தி சொன்னபோது நான் சந்தேகப்படவில்லை. ருமேனியாத் தொழிற்சாலைகளில் நம் ஆட்கள் வேலை செய்வது உண்மைதானே. பொய்யை முழுப் பொய்யாகச் சொன்னால் நாங்கள் ஏன் போகப் போகிறோம்?

டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். ஏசி, இரண்டு கம்ப்யூட்டர், சுவரில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அனுமதிப்பத்திரம், கண்ணாடி போட்டு மாட்டியது. அதை நான் போனில் படம்கூட எடுத்தேன். அது உண்மையான பத்திரம்தான், ஆனால் கொழும்பிலுள்ள வேறொரு ஏஜென்சியுடையது. இந்த அலுவலகம் நடத்தியவர் அவர்களின் ஆள் இல்லை என்பது பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது.

"தங்கச்சி, மாமாங்கத் தீர்த்தத்துக்கு நீ இஞ்ச இருக்கமாட்டாய்" என்றார் அந்த ஆள், ஆடி அமாவாசையில் வரும் எங்கள் மாமாங்கக் கோயில் தீர்த்தத்தைச் சொல்லி. மொத்தம் 9 இலட்சம், முதலில் மூன்றரை, மிச்சம் விசா வந்த பிறகு. பாதிக்கு மேல் பிறகு கொடுத்தால் போதும் என்றதால் நல்ல மனிதர் என்றே அம்மாவும் நினைத்தார். அம்மாவின் 4 பவுனை வங்கியில் ஈடு வைத்தோம். ரூபாய் விழுந்து தங்க விலை ஏறியிருந்த காலம், அதனால் முன்னையைவிடக் கூடக் காசு கிடைத்தது. "நகை இருக்கா" என்று முதல் நாளே அவர் ஏன் கேட்டார் என்று இப்போது விளங்குகிறது.

காசை ஒரு பெண்ணின் சொந்தக் கணக்கில் போடச் சொன்னார்கள். அது முதல் பிழை. பில் கொடுத்தார்கள், மடித்துக் கைப்பையில் வைத்தேன். இரண்டு சனிக்கிழமை 'இன்டர்வியூவுக்கு உதவும்' என்று இங்கிலிஷ் வகுப்பு வைத்தார்கள். தேநீரும் பிஸ்கட்டும் தந்தார்கள். என் வாழ்க்கையில் நான் குடித்த விலை கூடின தேநீர் அதுதான்.

தீர்த்தம் முடிந்தது. "விசா லேட்டாகுது, மறுகா வாங்க" என்றார்கள். வேர்க் பெர்மிட் என்று ஒரு பி.டி.எஃப். வந்தது, அம்மா அதைச் சாமிப் படத்தடியில் வைத்துக் கும்பிட்டார். கார்த்திகையில் வெள்ளம் வந்து வடிந்தும் பயணம் வரவில்லை. ஒருநாள் போனால் மேல்மாடி பூட்டு. படிக்கட்டில் என்னைப் போலவே 5 பேர் நின்றார்கள். போன்களை அருகருகே வைத்துப் பார்த்தோம். பெயர்கள்தான் வேறு, பெர்மிட் இலக்கம் எல்லோருக்கும் ஒன்றே.

பொலிஸுக்குப் போனோம். முறைப்பாடு எழுதியவர் பில்லை விரித்து வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதில இங்கிலிஷ் வகுப்புக் கட்டணம் என்றுதானே இருக்கு. வகுப்பு நடந்ததா?"

நடந்தது என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

வேலைக்காகக் காசு வாங்கியதற்கு எங்களிடம் இருந்தது வட்ஸ்அப் குரல் பதிவுகள் மட்டும்தான். அவற்றை அழிக்காமல் வைத்திருந்த ஒருத்தியால்தான் முறைப்பாட்டுக்கு உயிர் வந்தது. அவர்கள் வாங்கி வைத்திருந்த என் பாஸ்போட்டைத் திருப்பித் தர 25,000 கேட்டார்கள். பொலிஸ் போன் எடுத்த பிறகு சும்மா வந்தது. காசில் 60,000 கிடைத்தது, மிச்சத்துக்கு இன்னும் அலைகிறேன்.

அனுமதிப்பத்திரத்தை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். அந்த நாட்டுக்கு, அந்த வேலைக்கு, அந்த ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் ஆள் எடுக்க அனுமதி கொடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்தால் சொல்வார்கள். ஒரு அழைப்புக்கு ஆகும் காசு எவ்வளவு? உங்களிடம் பேசுகிறவர் அந்த ஏஜென்சியின் ஆள்தானா என்று ஏஜென்சிக்கே எடுத்துக் கேளுங்கள். பில்லில் வேலை, நாடு, ஏஜென்சியின் பெயர் மூன்றும் இல்லாவிட்டால் காசைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு எழும்பி வாருங்கள். அவர் கோபித்தால் கோபிக்கட்டும்.

போன கிழமை கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி ஒரு பில்லின் படம் அனுப்பியிருந்தாள். இங்கிலிஷ் வகுப்பு, 2 இலட்சம். அதே கையெழுத்து. இந்த முறை நாடு சேர்பியாவாம்.