அசெம்பிள்டு பிசி வாங்கப் போகிறீர்களா? முழு மாடல் பெயரை பில்லில் கேட்டு வாங்குங்கள்

"ஐ5, 16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3060, 650 வாட் எஸ்எம்பிஎஸ். எல்லாம் பேலன்ஸாகப் போட்டுத் தருகிறேன்." எனக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்தவர் சொன்னது இவ்வளவுதான். அவர் சொன்ன எல்லாப் பெயரும் பெட்டிக்குள் இருக்கிறது. ஆனாலும் ஏமாற்றித்தான் விற்றிருக்கிறார். வேறு யாரும் இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கேம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். எர்ரர் எதுவும் வராது. வீடியோ ரெண்டர் போட்டாலும் அதேதான். விற்றவரிடம் சொன்னால் விண்டோஸை மறுபடி போடச் சொன்னார், அப்புறம் டிரைவர் பிரச்சினை என்றார். சாதாரண வேலைகளில் ஒழுங்காக ஓடி, லோடு ஏறும்போது மட்டும் அணைகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது பவர் சப்ளையை, அதாவது எஸ்எம்பிஎஸ்-ஐத்தான்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படித்தேன். பெரிய எழுத்தில் 650. கீழே பொடி எழுத்தில், 12 வோல்ட்டுக்கு 22 ஆம்பியர். பெருக்கினால் 264 வாட்தான். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழு மின்சாரத்தையும் இந்த 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் 170 வாட். என் பிராசசரான ஐ5-12400எஃப் டர்போவில், அதாவது வேகத்தைக் கூட்டி ஓடும்போது, 117 வாட் வரை போகும். இரண்டும் சேர்ந்தாலே 287 ஆகிவிட்டது, அணையாமல் என்ன செய்யும்? ஒழுங்கான 650 வாட் சப்ளை என்றால் 12 வோல்ட்டில் 50 ஆம்பியருக்குக் குறையாது. இந்த மாதிரி சரக்கு கெட்டுப்போகும்போது மதர்போர்டையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம் என்பதுதான் பெரிய பயம்.

அடுத்தது கார்டு. 3060 என்ற ஒரே பெயரில் இரண்டு வகை உண்டு. 2021-இல் வந்தது 12 ஜிபி, 192 பிட் பஸ் (கார்டின் சிப்புக்கும் மெமரிக்கும் இடையே டேட்டா போகும் பாதையின் அகலம்). 2022 கடைசியில் வந்தது 8 ஜிபி, 128 பிட் பஸ். மெமரி வேகம் நொடிக்கு 360 ஜிபியிலிருந்து 240-க்கு இறங்கிவிடுகிறது. எனக்கு வந்தது இரண்டாவது. கேட்டதற்கு, "3060 தானே கேட்டீர்கள்?" என்றார். அந்தப் பதிலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ராமும் 16 ஜிபி ஒரே ஸ்டிக். இரண்டு 8 ஜிபி போட்டிருந்தால் டூயல் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதைகளில், ஓடியிருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கார்டை மட்டும் கழற்றி அனுப்பச் சொல்கிறார். 'எஃப்' வகை பிராசசரில் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு போனால் திரையில் ஒன்றும் வராது. பில்லில் இருப்பதோ "அசெம்பிள்டு கம்ப்யூட்டர் - 1" என்ற ஒரே வரி. எந்தப் பாகத்துக்கும் சீரியல் நம்பர் இல்லாததால் அந்தந்த கம்பெனியிடம் வாரன்டி கேட்பதும் சிரமம்.

இதே வேலையை மற்ற பாகங்களிலும் செய்யலாம். ரைசன் 5 5500, 5600 என்ற இரண்டு பிராசசர்களிலும் ஆறு கோர்தான். ஆனால் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு மெமரி) முன்னதில் 16 எம்பி, பின்னதில் 32 எம்பி. வெறும் "ரைசன் 5" என்று எழுதித் தந்தால் எது வரும் என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் பணம் கொடுக்கும் முன்பே எஸ்எம்பிஎஸ், ராம், எஸ்எஸ்டி உட்பட எல்லாவற்றின் முழு மாடல் பெயரும் சீரியல் நம்பரும் பில்லில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், காலி டப்பாக்களையும் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.